கேட்டுவிட்டு வாருங்கள்: தமிழ்நாட்டு வாடகைக் குடியிருப்போரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கும், மாவட்ட ஆட்சியர்களுக்கும், வாடகை அதிகாரிகளுக்கும், காவல்துறைக்கும், வீட்டு உரிமையாளர்களுக்கும், வீட்டுத் தரகர்களுக்கும்:

முகவுரை

தமிழ்நாட்டின் நகரங்களில் வாடகை வீட்டில் குடியிருக்கும் நாங்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். மாடிப் போர்ஷனில் பிள்ளைகளோடு வாழும் குடும்பங்கள் எங்களில் உண்டு. பொதுக் கழிப்பறையோடு ஒண்டுக் குடித்தனம் நடத்துகிறவர்கள் உண்டு. தனியாக வீடெடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் பெண்களும், ஒரகடத்திலும் திருப்பூரிலும் நான்கைந்து பேராக ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் தொழிலாளர்களும் உண்டு.

வாடகை உயர்வு, அட்வான்ஸ், தண்ணீர் என்று எங்களுக்குப் பேச நிறைய இருக்கிறது. இந்தச் சாசனம் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நாங்கள் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீட்டுக்குள், எங்களைக் கேட்காமல் வீட்டு உரிமையாளர் நுழைவது நிற்க வேண்டும். நுழைவதற்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. தெரிவிக்காமல் நுழைந்தால் என்ன விளைவு என்பதை அந்தச் சட்டப் பிரிவு சொல்லவில்லை. அந்த விளைவை எழுதுங்கள் என்பதே எங்கள் தலையாய கோரிக்கை. மற்றவை எல்லாம் அதிலிருந்து பிறப்பவை.

நடப்பது என்ன

ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் கடைக்குப் போயிருக்கும் நேரம், தரகர் அழைத்துவந்த நாலு பேரோடு உரிமையாளர் தன்னிடம் உள்ள சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கிறார். ஹால், படுக்கையறை, சமையலறை என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். ஒருவர் பீரோவில் கை வைத்து, “இதை எடுத்துட்டா ரூம் பெருசா இருக்கும்ல?” என்று கேட்கிறார். குளித்துக்கொண்டிருந்த மனைவி, வந்தவர்கள் போகும்வரை குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு நிற்கிறார். மாலையில் கணவர் போய்க் கேட்டால் கிடைக்கும் பதில்: “என் வீட்டுக்குள்ள நான் வர யாரைக் கேக்கணும்?”

இந்தப் பதிலை வாடகை வீட்டில் இருந்த யாரும் ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்டிருப்பார்கள். நுழைவதற்கான காரணம்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. சில வீடுகளில் மோட்டார் ஸ்விட்ச் குடித்தனக்காரரின் சமையலறைக்குள் இருக்கிறது. தொட்டி காலியாகும்போதெல்லாம் ஒருவர் உள்ளே வருகிறார். சில வீடுகளில் சப்-மீட்டர் உள்ளே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் கணக்கு எடுக்க வந்தவர் கட்டில்வரை பார்த்துவிட்டுப் போகிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால், பூட்டிய வீட்டுக்குள் பொருள்கள் இடம் மாறியிருக்கின்றன. வாடகைச் செயலியில் போடுவதற்காக எடுத்த படத்தில், சுவரில் மாட்டிய எங்கள் பிள்ளையின் போட்டோவும் மடிக்காத துணியும் ஊர் முழுக்கப் போகின்றன.

இன்னொரு நுழைவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடுப்பில் என்ன வேகிறது என்று பார்க்க வருவது. மீன் வாசனை வந்ததா, ஃப்ரிட்ஜில் கறி இருக்கிறதா, விருந்தாளி எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரிப்பது. வீடு கொடுக்கும்போது நேராகக் கேட்கத் தயங்கிய சாதியையும் மதத்தையும் குடிவந்த பிறகு சமையலறை வழியாகத் தெரிந்துகொள்ளும் வேலை இது. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டில் இதே நுழைவு யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்ற காவலாகிறது. கட்டடத்தைப் பராமரிக்க இதில் எதுவும் தேவையில்லை.

நுழைவதோடு முடியாத கேடும் உண்டு. 2018-இல் சென்னை ஆதம்பாக்கத்தில் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் ரகசியக் கேமராக்கள் மறைத்துவைக்கப்பட்டிருந்ததை அங்கே தங்கியிருந்த பெண்களே கண்டுபிடித்தார்கள். விடுதியை நடத்தியவர் கைதானார். குடியிருப்பவருக்குத் தெரியாமல் ஒருவர் உள்ளே போய்வர முடியும் என்ற நிலை நீடிக்கும்வரை, இந்த அச்சத்தைக் கற்பனை என்று யாரும் ஒதுக்க முடியாது.

சட்டம் சொல்வது

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108-இல், வாடகையைக் கொடுத்து ஒப்பந்தப்படி நடக்கும் குடியிருப்பவர் இடையூறின்றி அந்த இடத்தை அனுபவிக்கலாம் என்கிறது. கட்டடத்தின் நிலையைப் பார்வையிட நியாயமான நேரங்களில் உரிமையாளரை அனுமதிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இரண்டையும் நாங்கள் ஏற்கிறோம். வீட்டின் உரிமை அவருடையது. வாடகைக் காலம் முடியும்வரை அதன் அனுபோகம் எங்களுடையது.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுத் தமிழ்நாடு புதிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பிரிவு 17 தெளிவானது. பழுது பார்க்கவோ, வீடு குடியிருக்கத் தக்க நிலையில் உள்ளதா என்று பார்க்கவோ, ஒப்பந்தத்தில் சொன்ன வேறு நியாயமான காரணத்துக்காகவோ நுழைய வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். காரணம், நாள், காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்ட ஒரு நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இது உலகத்தில் இல்லாத சலுகை அல்ல. இங்கிலாந்தின் 1985-ஆம் ஆண்டுச் சட்டம், பழுது நிலையைப் பார்க்க வரும் உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. ஒன்றிய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டமும் அதே 24 மணி நேரத்தைச் சொல்லி, சூரிய உதயத்துக்கு முன்பும் மறைவுக்குப் பின்பும் நுழையக் கூடாது என்று சேர்த்திருக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த உரிமை முதலில் கட்டுப்படுத்துவது அரசை. வீட்டு உரிமையாளர் போன்ற தனியாரும் அதை மதிக்கும்படி சட்டம் செய்து தருவது அரசின் கடமை.

ஏன் வாய் திறப்பதில்லை

சட்டம் இருந்தும் புகார் எழாததற்குக் காரணம் எங்கள் பயம். எங்களுடைய பெரிய தொகை ஒன்று உரிமையாளர் கையில் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு போட்ட 2017-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர என்று ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. அந்த விலக்கின் வழியாகச் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் கேட்கப்படுகிறது. மாதம் 15,000 ரூபாய் வாடகை என்றால் 1,50,000 ரூபாய். “ஏன் கேட்காமல் வந்தீர்கள்” என்ற ஒரு கேள்வி, காலி செய்யும் நாளில் பெயின்டிங் செலவாகவும் பழுதுச் செலவாகவும் அந்தத் தொகையில் கழிக்கப்படும் என்பது எங்களுக்குத் தெரியும்.

11 மாத அக்ரிமென்ட் அடுத்த பயம். புதுப்பிக்க மாட்டேன் என்ற ஒரு சொல் போதும். பிள்ளைகளின் பள்ளி, பெற்றோரின் மருத்துவமனை, வேலைக்குப் போகும் பஸ் ரூட் எல்லாம் குலைந்துவிடும். அடுத்த வீடு தேடும்போது பழைய உரிமையாளரிடம் விசாரிப்பார்கள் என்ற நினைப்பும் வாயை அடைக்கிறது. இதையெல்லாம் மீறிக் காவல் நிலையம் போனால், “இது சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்குங்க” என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள்

*சட்டத்தில் எழுத வேண்டியவை*

1. பிரிவு 17-ஐ மீறி நுழையும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மாத வாடகையை இழப்பீடாகக் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். ஓராண்டுக்குள் மீண்டும் நடந்தால் இழப்பீடு இரண்டு மாத வாடகையாக வேண்டும். அறிவிப்புக் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது.

2. குறித்த நேரம் ஒத்துவராவிட்டால், இரண்டு நாளுக்குள் வேறொரு நேரத்தைச் சொல்லும் உரிமை குடியிருப்பவருக்கு வேண்டும். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், நோயாளிகள் ஆகியோரின் வேண்டுகோளைத் தட்டக் கூடாது.

3. குடியிருப்பவரோ அவர் சொல்லி வைத்தவரோ இல்லாதபோது நுழையக் கூடாது. வீட்டில் பெண்ணோ சிறுவரோ மட்டும் இருந்தால், அவர் சம்மதித்தாலன்றி நுழையக் கூடாது.

4. புதிதாகக் குடிவருபவருக்கோ வாங்குபவருக்கோ வீட்டைக் காட்டுவதும் அறிவிப்புக்கு உட்பட்டதே. காலி செய்யும் நாளுக்கு முந்தைய 30 நாளில் மட்டும், வாரத்தில் இரண்டு முறைக்கு மிகாமல் காட்டலாம்.

5. அவசரம் எது என்பதைப் பட்டியலிட வேண்டும்: தீ, கேஸ் கசிவு, மின்கசிவு, குழாய் வெடிப்பு, வெள்ளம், உயிருக்கு ஆபத்து. அப்போது கேட்காமல் நுழையலாம். நுழைந்த 24 மணி நேரத்துக்குள் யார் நுழைந்தார், என்ன செய்தார் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

6. உணவு, சாதி, மதம், விருந்தாளி ஆகியவற்றைச் சோதிக்க நுழைவதை நியாயமான காரணம் அல்ல என்று சட்டமே சொல்ல வேண்டும். அப்படி நுழைய வழிவிடும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்றும் அறிவிக்க வேண்டும்.

*சாவி, கேமரா, மீட்டர்*

7. மாற்றுச் சாவி யாரிடம் உள்ளது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். உரிமையாளர் வைத்திருக்க விரும்பினால், இருவரும் கையெழுத்திட்டு ஒட்டிய உறையில் அது இருக்க வேண்டும். குடியிருப்பவர் தன் செலவில் பூட்டை மாற்றிக்கொள்ளலாம். காலி செய்யும்போது எல்லாச் சாவிகளையும் ஒப்படைப்பார்.

8. வீட்டுக்குள்ளோ, கதவு திறந்தால் உள்ளே தெரியும் கோணத்திலோ கேமரா கூடாது. பொதுவழியில் உள்ள கேமராக்களின் இடத்தை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77-இன்படி குற்றம் என்பதை விடுதிகளில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

9. குடியிருப்பவரின் பொருள்கள் தெரியும்படி வீட்டைப் படமெடுத்து விளம்பரம் செய்யக் கூடாது.

10. இனிக் கட்டும் வீடுகளில் மோட்டார் ஸ்விட்ச், சப்-மீட்டர், மாடிக்குப் போகும் வழி ஆகியவற்றை வாடகைப் பகுதிக்கு வெளியே வைப்பதைக் கட்டட அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும். இருக்கும் வீடுகளில் இரண்டு ஆண்டுகளுக்குள் வெளியே மாற்ற வேண்டும்.

*புகாரும் பாதுகாப்பும்*

11. புகார் கொடுத்த ஆறு மாதத்துக்குள் வாடகையை உயர்த்துவதும் காலி செய்யச் சொல்வதும் பழிவாங்கலாகக் கருதப்பட வேண்டும். அப்படி அல்ல என்று உரிமையாளர்தான் காட்ட வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 20-இன் கீழ் அன்றே மீட்டுத்தர உத்தரவிட வேண்டும்.

12. அட்வான்ஸ் வரம்பில் உள்ள விலக்கை நீக்க வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித்தர வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். தவறினால் வட்டியோடு வசூலிக்க வாடகை அதிகாரிக்கு அதிகாரம் வேண்டும்.

13. அத்துமீறி நுழைந்ததாக வரும் புகாரை வாடகை அதிகாரி ஏழு நாளில் விசாரிக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகவில்லை, வாய்ப்பேச்சில் குடிவந்தார் என்று சொல்லி இந்தப் புகாரைத் தள்ளக் கூடாது. வாடகை செலுத்திய வங்கிக் கணக்கும் யு.பி.ஐ. பதிவும் குடியிருப்பதற்குச் சான்றாகட்டும்.

14. மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ, ஒருவர் அனுபோகத்தில் உள்ள இடத்துக்குள் நுழைவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 329-இன்படி குற்றம். சொத்தின் உரிமையாளராக இருப்பதாலேயே ஒருவர் இதிலிருந்து தப்பிவிடுவதில்லை. இதைச் சுற்றறிக்கையாக எல்லாக் காவல் நிலையங்களுக்கும் அனுப்ப வேண்டும். புகார் கொடுத்தவரை, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திருப்பி அனுப்பக் கூடாது.

15. பெண்கள் விடுதி, பி.ஜி., ஆலைத் தொழிலாளர் அறைகள் ஆகியவற்றில் தங்குவோருக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில், அறைச் சோதனை எப்போது, யாரால், எந்தக் காரணத்துக்காக நடக்கலாம் என்று எழுத வேண்டும். புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு அவர்கள் மொழியிலேயே அறிவிப்பு வேண்டும்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வாசகம்

அரசு தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தம் வெளியிட வேண்டும் என்பது எங்கள் 16-ஆவது கோரிக்கை. நுழைவு பற்றிய பகுதியை நாங்களே எழுதித் தருகிறோம். அரசு வெளியிடும்வரை காத்திருக்காமல் இன்றே இதை யாரும் தங்கள் அக்ரிமென்டில் சேர்த்துக்கொள்ளலாம்:

“உரிமையாளரோ அவர் அனுப்புபவரோ வீட்டுக்குள் வருவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன், காரணம், நாள், நேரம், வருபவர் பெயர் ஆகியவற்றை எழுத்தில் தெரிவிப்பார். இருவரும் ஒப்புக்கொண்ட கைப்பேசி எண்ணுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியும் எழுத்தில் தந்த அறிவிப்பாகும். குடியிருப்பவரின் முன்னிலையில் மட்டுமே நுழைவார். தீ, கேஸ் கசிவு, மின்கசிவு, குழாய் வெடிப்பு, வெள்ளம், உயிர் ஆபத்து ஆகிய அவசரங்களுக்கு இது பொருந்தாது. அறிவிப்பின்றி நுழைந்தால் ஒரு மாத வாடகையை அடுத்த வாடகையில் கழித்துக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார்.”

வீட்டு உரிமையாளர்களுக்கு

உங்களில் பலருக்கு அந்த ஒரு வீட்டு வாடகைதான் ஓய்வூதியம். கடன் வாங்கிக் கட்டிய சுவரில் ஆணி அடித்தால் மனசு பதறும் என்பதும், ஒழுகும் குழாயைச் சொல்லாமல் விட்ட குடித்தனக்காரரால் கூரை ஊறிய கதையும் எங்களுக்குத் தெரியும். வீட்டைப் பார்க்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாள் முன்பு சொல்லிவிட்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறோம். உங்கள் மகளோ மகனோ பெங்களூரிலோ கோவையிலோ வாடகை வீட்டில் இருக்கலாம். அந்த வீட்டுக் கதவை ஒருவர் கேட்காமல் திறந்தால் நீங்கள் என்ன கேட்பீர்களோ, அதையே நாங்கள் உங்களிடம் கேட்கிறோம்.

எங்கள் உறுதிமொழி

உரிமை கேட்கும் நாங்கள் கடமையையும் ஏற்கிறோம். வாடகையைச் சொன்ன தேதிக்குள் கொடுப்போம். ஒழுகல், விரிசல், மின்கசிவு எதையும் கண்ட அன்றே தெரிவிப்போம். முறையாக அறிவித்து வருபவரைக் காரணமில்லாமல் தடுக்க மாட்டோம். ஊருக்குப் போகும்போது அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஓர் எண்ணைத் தருவோம். காலி செய்யும் நாளில் குடிவந்தபோது எடுத்த படங்களோடு வீட்டை ஒப்பிட்டுக் காட்டி, சாவிகளை எண்ணி ஒப்படைப்போம்.

காலக்கெடு

காவல் நிலையங்களுக்கான சுற்றறிக்கை, மாதிரி ஒப்பந்தம், ஏழு நாள் விசாரணைக்கான அறிவுறுத்தல் ஆகியவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. இந்தச் சாசனம் கிடைத்த 60 நாளுக்குள் அவற்றை வெளியிட வேண்டும். பிரிவு 17-க்கான திருத்த மசோதாவை அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் கொண்டுவர வேண்டும். மசோதா வரைவைத் தமிழில் வெளியிட்டு, குடியிருப்போரிடமும் உரிமையாளர்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும்.

தனித்தனியாக இருக்கும்வரை எங்கள் ஒவ்வொருவரின் அட்வான்ஸும் எங்களைப் பேசவிடாது. அதனால்தான் சேர்ந்து பேசுகிறோம். வாடகை கொடுப்பவரும் கொடுத்தவரும், நாளை கொடுக்கப்போகும் பிள்ளைகளைப் பெற்றவர்களும், கேட்டுவிட்டுத்தான் நுழைவோம் என்று உறுதிகொள்ளும் வீட்டு உரிமையாளர்களும் இந்தச் சாசனத்தில் கையெழுத்திடுமாறு அழைக்கிறோம். உங்கள் தெருவில் கையெழுத்துகளைச் சேர்த்து, உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் உங்கள் பகுதி வாடகை அதிகாரியிடமும் நேரில் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 60 நாள் கழித்து அதே சீட்டோடு மறுபடி போய், என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

இவண்,
தமிழ்நாட்டின் வாடகைக் குடியிருப்போர்